யாரும் மீட்டாத நரம்பு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'நோயும் கவிதையும்' என்பது. அத்தலைப்பில் பேசுவதானால் சங்க அகப்பாடல்களில் தொடங்கி, காமத்துப்பாலில் நோய் என்னும் சொல் பிரிவுத் துன்பத்தைச் சுட்டி நிற்பதை விளக்கி, புதுக்கவிதையில் வந்து முடிக்கலாம். அதை என்னைவிடச் செம்மையாகச் செய்யக்கூடியவர்கள் இவ்வவையிலேயே நால்வர் இருக்கிறார்கள். ஆகவே தலைப்பைச் சற்றுக் குறுக்கிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். நரம்பு வலிக்காக மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையை நாள்தோறும் விழுங்கி வாழும் ஒருவன், சொல்லையே தொழிலாகக் கொண்டவனாகவும் இருந்தால் அவனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆறாண்டுகளாக அந்த மாத்திரைகளோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதியில்லை. நான் மருத்துவன் அல்லன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன்.

இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர், கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். இருபதாண்டு நீரிழிவு. இரவானால் இரண்டு பாதங்களும் எரிகின்றன. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறார். மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து மூன்று மாதமாயிற்று. வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார், விழுங்கவில்லை. "ஐயா, இதைப் போட்டுக்கொண்டால் மூளை மந்தமாகிக் கவிதை நின்றுபோகும் என்கிறார்கள். வலியை வைத்துக்கொண்டாவது எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அவருக்கு அன்று இரண்டு வரியில் ஒரு விடை சொன்னேன். அது போதிய விடையன்று. இன்று சொல்வது அதன் விரிவு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவர் பின்னர் மருத்துவரிடம் மீண்டும் சென்றார், தாம் அஞ்சுவது இன்னது என்று சொன்னார், மிகச் சிறிய அளவில் தொடங்கினார். இப்போது உறங்குகிறார். முன்போல் எழுதுகிறாரா என்று நான் கேட்கவில்லை. கவிஞரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

எனக்கு வந்தது அக்கி. அறுபத்து மூன்றாம் வயதில், இடப்பக்க விலாவில், முதுகிலிருந்து மார்பு வரை அரைக் கச்சை கட்டியதுபோல் கொப்புளங்கள். சிறு வயதில் சின்னம்மை கண்டவர்கள் உடலில் அந்த நோயின் கிருமி முற்றும் அழிவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கிறது. வயது ஏறி, உடலின் எதிர்ப்பு குன்றும்போது ஏதேனும் ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. அதனால்தான் அக்கி பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டையாக மட்டும் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அக்கி கண்டவரைக் குயவர் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அவர் காவிக்கல்லை இழைத்து, அந்தக் குழம்பால் கொப்புளங்களின்மீது உருவம் வரைவார். இதற்கு 'அக்கி எழுதுதல்' என்று பெயர். பூசுதல் என்றோ தடவுதல் என்றோ சொல்வதில்லை. எழுதுதல் என்றே சொல்கிறார்கள். நோயின்மேல் எழுதினால் நோய் அடங்கும் என்று நம்பிய ஒரு சமூகத்தில் பிறந்திருக்கிறோம் என்பதைக் கவிஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் தமக்கையார் எழுதியே தீரவேண்டும் என்றார். மகன் மருத்துவமனைக்குக் கிளம்பு என்றான். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. அக்கிக் கிருமிக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் மிகுதி என்பதால் மகன் அவசரப்பட்டது முறையே. மூன்று வாரத்தில் காவியும் கொப்புளமும் சேர்ந்து காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை.

புண் ஆறியபின்னும் மூன்று மாதத்துக்கு மேல் வலி நின்றால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறார்கள். வயது ஏற ஏற இது நிலைத்துவிடும் வாய்ப்பும் ஏறுகிறது. அவ்வலியின் இயல்பு விந்தையானது. அழுத்தினால் வலிக்காது, சட்டையின் நூல் உராய்ந்தால் உயிர் போகும். மின்விசிறிக் காற்று பட்டால் சுள்ளென்று தெறிக்கும். அதே இடத்தில் ஊசியால் குத்தினால் மரத்துக் கிடக்கும். உணர்வற்ற இடமே உச்ச வலி தரும் இடமாகவும் இருப்பதை எந்த முரண் அணியில் சேர்ப்பது என்று நான் பல இரவுகள் எண்ணியதுண்டு.

நிற்க. நரம்பு என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சங்க இலக்கியத்தில் நரம்பு என்றால் பெரிதும் யாழின் நரம்பே நினைவுக்கு வரும். விரல் தொட்டால் ஒலிப்பது நரம்பு. தொடாதபோது வாளா இருப்பது. நம் உடலின் நரம்பும் அப்படித்தான் இருக்கவேண்டும். முள் குத்தினால் செய்தி போகவேண்டும். நெருப்புச் சுட்டால் செய்தி போகவேண்டும். வலி என்பது உடல் அனுப்பும் தூது. அக்கியோ நீரிழிவோ விபத்தோ நரம்பைச் சிதைத்துவிட்டால், அது யாரும் மீட்டாமலே ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. முள் இல்லை, குத்துகிறது. நெருப்பு இல்லை, சுடுகிறது. தூதன் ஓயாமல் வாசலில் வந்து நின்று கூவுகிறான். அவன் கையில் ஓலை இல்லை.

என் பேச்சின் நடுநரம்பு இதுதான். புண்ணின் வலியில் ஓர் உண்மை இருக்கிறது. பிரிவின் வலியில் அதைவிடப் பெரிய உண்மை இருக்கிறது. நரம்பு வலியில், அந்த நரம்பு கெட்டுவிட்டது என்பதைத் தவிர, வேறு செய்தி எதுவும் இல்லை. அதைத் தாங்கிக்கொண்டிருப்பதால் ஒருவன் எதையும் அறிந்துகொள்வதில்லை. ஆகவே, 'வலியை மழுங்கடித்தால் உண்மையை மழுங்கடித்ததாகும்' என்று கவிஞர்கள் சொல்லும் வாதம் வேறெங்குப் பொருந்தினாலும் இங்குப் பொருந்தாது.

துன்பமே கவிதையின் ஊற்று என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை. அதை மறுத்து நூல் எழுத எனக்கு எண்ணமில்லை. ஆனால் வலிக்கும் துயருக்கும் வேறுபாடு உண்டு. துயர் நம்மோடு உட்காரும். நாம் அதனோடு பேசலாம். ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை அது காத்திருக்கும். நரம்பு வலி காத்திருக்காது. எழுவாய் எழுதிப் பயனிலைக்குப் போவதற்குள் வெட்டும். சரியான மருந்து அமையாதிருந்த முதல் ஏழு மாதத்தில் நான் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தேன்: பால் கணக்கு, மருந்துக் கணக்கு, முற்றுப்பெறாத பதினோரு வரிகள். அவ்வரிகளில் ஒன்றும் தேறாது.

இதற்குச் சான்றாக ஒரு பெரிய எழுத்தாளரைக் காட்டலாம். பிரெஞ்சு நாவலாசிரியர் அல்ஃபோன்ஸ் தோதே, மேகநோய் முதிர்ந்து தண்டுவடத்தைத் தாக்கியதால் ஆண்டுக்கணக்கில் மின்னல் வெட்டுவதுபோன்ற நரம்பு வலியில் உழன்றவர். மார்ஃபினும் குளோராலும் அவருக்கு அன்றாட உணவாயின. தம் வலியைப் பற்றி ஒரு நூல் எழுத அவர் குறிப்புகள் சேர்த்தார். நூல் எழுதப்படவில்லை, 1897இல் அவர் மறைந்தார். குறிப்புகள் மட்டும் 1930ஆம் ஆண்டு வாக்கில் 'லா தூலூ' என்ற பெயரில் அச்சேறின. அவற்றைக் காட்டி, 'பார், வலி எப்படி எழுத வைத்தது' என்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. அவை துண்டு துண்டாக நிற்கின்றன என்பதே முதலில் கண்ணில் படுகிறது. பெரிய நாவல்களைக் கட்டி எழுப்பிய கை அது. வலி அவருக்கு விட்டுவைத்தது அந்தத் துண்டுகளை; அவற்றை எழுதவும் மருந்து தந்த இடைவெளி வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி, என் முதல் மருத்துவரைவிட இரண்டாம் மருத்துவர் என்னைக் கவர்ந்த கதையைச் சொல்கிறேன். முதல்வர் 'எவ்வளவு வலிக்கிறது, பத்துக்கு எத்தனை?' என்று கேட்டார். இரண்டாமவர் நரம்பியல் படித்த அம்மையார்; 'எப்படி வலிக்கிறது, சொல்லுங்கள்' என்றார். நான் தமிழாசிரியன் அல்லவா, உற்சாகமாகிவிட்டேன். எரிவு, தெறிப்பு, குடைச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்தல் என்று அடுக்கினேன். அம்மையார் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பின்புதான் தெரிந்தது, அவர் கேட்டது மரியாதைக்காக அன்று, நோயறிவதற்காக.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்னும் உளவியலறிஞர், நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். நிகண்டு செய்தவர்கள் மரபில் வைத்துப் போற்றவேண்டிய வேலை அது. 2005இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இன்னும் சுருக்கமான ஒன்றைச் செய்தார்கள். எரிகிறதா, சில்லிட்டு வலிக்கிறதா, மின்சாரம் அடிப்பதுபோல் இருக்கிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா என்று கேட்டு, தோலைத் தொட்டும் சோதித்து, மொத்தம் பத்தில் நான்குக்கு 'ஆம்' என்றால் நரம்பு வலியாக இருக்கக்கூடும் என்று கொள்கிறார்கள். ஊடுகதிர்ப் படத்தில் இந்த வலி தெரியாது. நோயாளியின் வாயிலிருந்து வரும் உவமையே பெரும் சான்று. உவமை தவறினால் மருந்து தவறும். உவமைக்கு இத்தனை பொறுப்பு சுமத்தப்படும் இடம் கவியரங்குக்கு வெளியே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வெர்ஜினியா வுல்ஃப் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையில், காதலைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் உண்டு, தலைவலியைச் சொல்ல இல்லை என்ற பொருள்பட வருந்தினார். நமக்கு அந்தக் குறை இல்லை என்று மார்தட்டத் தோன்றும். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இசிவு, பிடிப்பு, திமிர் என்று வரிசை நீள்வது உண்மையே. ஆனால் பொதுப்பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்று நாம் துன்பத்துக்குச் சொல்லும் 'வலி' பழந்தமிழில் வலிமையைக் குறித்த சொல்; வள்ளுவர் வலியறிதல் என்று அதிகாரம் வகுத்தது உடல் நோவை அறியச் சொல்லி அன்று. நோதல், நோவு என்பவையே பழைய சொற்கள். ஆற்றலின் பெயர் எப்படி நோவின் பெயராயிற்று என்பதை மொழியியலார் விளக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும்.

எரிவு என்னும் சொல்லுக்கு மட்டும் இன்னும் சில நிமிடம் கேட்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. நரம்பில் குண்டடிபட்ட வீரர்களுக்குப் பிலடெல்பியாவில் மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் சைலஸ் வெயர் மிச்செல். புண் ஆறிய கைகளும் கால்களும் நெருப்பாய் எரிவதாகச் சொல்லி, அவ்வீரர்கள் கையை ஓயாமல் நனைத்துக்கொண்டிருந்ததையும், உராய்வு தாளாமல் காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்ததையும் அவர் எழுதிவைத்தார். அந்த வலிக்குக் கிரேக்கத்தில் எரிவையும் நோவையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்துக் காசால்ஜியா என்று பெயர் வழங்கினார். அவர் கவிதையும் நாவலும் எழுதியவர் என்பது நம் அவைக்குரிய செய்தி. ஈரத்துணி சுற்றிய நம் கவிஞரின் பாதத்தையும், தண்ணீர் ஊற்றிய அந்தக் காலணியையும் நான் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறேன்.

'எரிகிறது' என்பது உவமையா? 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயின் காரச்சத்தை உணரும் ஏற்பியை நரம்பணுவில் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் அதே ஏற்பிதான் உணர்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மிளகாய் கடித்து நாக்கு எரிகிறது என்று நம் வீட்டுக் குழந்தை சொல்வது உவமை அன்று. நரம்பைப் பொறுத்தவரை அது நெருப்பேதான். வேடிக்கை என்னவென்றால், அதே காரச்சத்தை 8 விழுக்காடு சேர்த்த ஒட்டுப்பட்டை ஒன்றும் அக்கிக்குப் பிந்தைய வலிக்கு மருந்தாகப் பயன்படுகிறது. சூடு உணரும் நரம்பு நுனிகளை அது சில வாரம் ஓய்ந்துபோகச் செய்கிறது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

நான் பயன்படுத்துபவை மாத்திரைகள். அவற்றின் வரலாறு சுவையானது. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் நாம் விழுங்கும் வழக்கமான வலி மாத்திரைகள் நரம்பு வலியிடம் பெரும்பாலும் தோற்றுவிடும். இங்கு வேலை செய்பவை எல்லாம் இரவல் மருந்துகள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென்று 1960களின் தொடக்கத்தில் வந்தது. கார்பமாசிப்பைன் வலிப்பு நோய்க்குப் பயன்படும் மருந்து. முகத்தில் மின்னலாய் வெட்டும் நரம்பு வலிக்கு அது கேட்கிறது என்று 1962இல் சுவீடனைச் சேர்ந்த புளோம் எழுதினார். கபாபென்டின் 1993இல் அமெரிக்காவில் வலிப்புக்கு ஏற்பு பெற்று, 2002இல் அக்கிக்குப் பிந்தைய வலிக்கும் ஏற்பு பெற்றது. அதன் தம்பியான பிரிகாபலின் 2004இல் வந்தது. கபாபென்டினுக்கு அப்பெயர் வந்தது, மூளையில் உள்ள காபா என்னும் பொருளைப் போலச் செய்யப்பட்டதால். ஆனால் அது காபாவின் வழியில் வேலை செய்வதில்லை என்று பின்னர் தெரிந்தது. நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயிலின் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு, அளவுமீறிய கூச்சலைத் தணிக்கிறது. தவறான உவமையால் பெயர் பெற்று, வேறு பொருளில் நிலைத்துவிட்ட சொற்கள் நம் அகராதியிலும் ஏராளம்.

இரவல் மருந்து என்பதால் ஒரு சங்கடம் உண்டு. மருந்துடன் வரும் துண்டுத்தாளைப் படித்த என் மருமகள், 'மாமாவுக்கு வலிப்பா?' என்று மகனிடம் கலங்கியிருக்கிறாள். நண்பர் ஒருவர், 'மனநோய் மாத்திரையைக் கொடுத்து ஆளை மயக்கிவிட்டார்கள்' என்று எனக்காக இரங்கினார். மருந்துக்கடையில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதில் குற்றம் சொல்வதற்கில்லை. கபாபென்டினும் பிரிகாபலினும் போதைக்காகத் தவறாகப் பயன்படுவதால், பிரிட்டன் 2019 ஏப்ரலில் இரண்டையும் கட்டுப்படுத்திய மருந்துகளில் சேர்த்தது. சீட்டில்லாமல் தரமாட்டேன் என்று சொல்லும் கடைக்காரர் என் நண்பர்.

பயன் எவ்வளவு? இதில் யாரும் ஏமாறக்கூடாது. 2015இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டின்படி, அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறத்தாழ நான்கு பேருக்குக் கொடுத்தால், வெறும் சர்க்கரை மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு நல்ல பயன் கிட்டும். பிரிகாபலின் என்றால் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர். நல்ல பயன் என்பதும் வலி பாதியாகக் குறைவதைத்தான். பாதி! சர்வ நிவாரணி என்று விளம்பரம் செய்பவர்கள் ஊரில் பாதி என்று அச்சடிக்கும் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. எனக்குக் கிடைத்ததும் அந்தப் பாதிதான். ஆனால் அந்தப் பாதியில் ஓர் இரவுத் தூக்கம் முழுதாக அடங்கியிருந்தது.

இனி, என்னிடமிருந்து அது எடுத்துக்கொண்டது. இதை மறைத்துப் பேசினால் நம் கவிஞரின் அச்சத்தை நான் இழிவுபடுத்தியவனாவேன். அவர் அஞ்சியது கற்பனை அன்று.

முதலில் நாக்கு உலர்ந்தது. பிறகு காலையில் தலையில் பஞ்சு அடைத்ததுபோல் ஒரு மந்தம். பாதம் சற்று வீங்கியது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மாத்திரையின் அளவு ஏற்றப்பட்ட நான்காம் வாரம், ஒரு மாலை, பேத்தியிடம் கதவைச் சாத்தி 'அதை'ப் போடு என்றேன். எதை என்றாள். தாழ்ப்பாள் என்னும் சொல் வரவில்லை. அதன் வடிவம் தெரிகிறது, துருவின் நிறம் தெரிகிறது, போடும்போது எழும் ஓசை கேட்கிறது. பெயர் மட்டும் இல்லை. நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவன் கதவருகே நின்று கையால் சாடை காட்டினேன். அடுத்த வாரம் 'வெண்டளை' வரவில்லை. அன்று நான் அடைந்த திகில், அக்கியின் முதல் நாள்கூட அடையாதது. வலி என் உடலில் இருந்தது. இது என் வீட்டிலேயே திருட்டு.

அந்த அம்மையாரிடம் போய், 'என் பிழைப்பு சொல்லில் இருக்கிறது. சொல் போகிறது' என்றேன். 'இதை முதலில் சொன்னது நல்லதாயிற்று. வலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள்தாம் அதிகம்' என்றார். பகல் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். இரவு மாத்திரையை முன்னிரவுக்குத் தள்ளினார். இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்கவேண்டும் என்று மூன்று முறை சொன்னார். இறக்கும்போது வலி கொஞ்சம் ஏறியது. சொல் பெரும்பாலும் திரும்பியது. தாழ்ப்பாள் வந்தது. வெண்டளையும் வந்தது. சில சொற்கள் இன்னும் தாமதித்து வருகின்றன. எழுபதை நெருங்குபவனுக்கு அது மாத்திரையாலா மூப்பாலா என்று எப்படிப் பிரிப்பது?

ஆக, இப்போது என் நிலை ஒரு பண்டமாற்று. எரிவில் இவ்வளவைப் பொறுத்துக்கொள்கிறேன். மந்தத்தில் இவ்வளவைப் பொறுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவில் காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை ஒரு வெளி கிடைக்கிறது. எழுதுவதெல்லாம் அங்கேதான். இந்த உரையும் அப்படிப் பதினாறு காலைகளில் எழுதியது. வலியைப் பற்றி நான் எழுதிய வரிகளில் எனக்கே ஏற்புடைய சிலவும் அந்தக் காலைகளில் வந்தவையே. வலி உச்சத்தில் இருந்தபோது அதைப் பார்க்க முடியவில்லை. அதுவே கண்ணாக இருந்தது. மாத்திரை அதை ஒரு முழத் தூரம் தள்ளி வைத்தபின்தான் அதற்கு முகம் இருப்பது தெரிந்தது.

இக்கணக்கு எனக்குச் சரிப்பட்டது. வேறொருவருக்கு வேறு கணக்கு. கார்பமாசிப்பைன் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை தரும். அமிட்ரிப்டிலின் முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பைத் தரக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பிரிகாபலின் அளவைக் குறைக்கவேண்டும். ஆகையால் என் சீட்டைப் பார்த்து நீங்கள் வாங்கவேண்டாம். கவிஞர்களின் இரவுக் கூட்டங்களில் பரிமாறப்படும் சில பானங்களைப் பற்றி நான் அறியாதவன்போல் இருந்துவிடுவது வழக்கம். இன்று மட்டும் சொல்கிறேன்: இம்மாத்திரைகளோடு மது சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும், அபின் வகை வலி மருந்தும் கூடினால் மூச்சே தளரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீரிழிவுள்ள நண்பர்கள், எரிவு அடங்கிய பாதத்தை மறந்துவிடாமல் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த காலில் முள் தைத்தால் தூது வராது. ஐம்பது கடந்தவர்கள் அக்கித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். புதிய வகை 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலைதான் நம் போன்றோர் மலைக்கும்படி இருக்கிறது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வள்ளுவர் வகுக்கிறார். முதல் மூன்றைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். நான்காவது கூறு தொடர்பாக நம் வட்டத்திடம் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு.

ஒன்று: மாதக் கூட்டம் மாலை ஆறரைக்குத் தொடங்கி, கவிதை வாசிப்பு ஒன்பதுக்கு மேல் போகிறது. முன்னிரவில் மாத்திரை எடுக்கும் உறுப்பினர்கள் எனக்குத் தெரிந்தே ஐவர் இருக்கிறோம். வாசிப்பை முதலிலும் அறிக்கைகளைப் பின்னாலும் வைத்தால், எங்களால் கவிதைக்கு விழித்திருக்க முடியும். அறிக்கைக்கு உறங்கினால் செயலாளர் பொறுத்தருள்வார். அப்படி வாசிக்கும்போது யாரேனும் ஒரு சொல்லுக்குத் திணறி நின்றால், அருள்கூர்ந்து முன்வரிசையிலிருந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். சிறிது பொறுங்கள். அது வரும்.

மற்றொன்று: வலியைச் சொல்லும் தமிழ்ச் சொற்களை நாம் திரட்டவேண்டும். மெல்சாக் செய்ததைப் போன்ற ஒன்று, நம் ஊர்ப் பேச்சில். அரசு மருத்துவமனைப் புறநோயாளர் வரிசையில் காத்திருந்தபோது என் காதில் விழுந்தவை சில: 'பஞ்சு மேல நடக்கற மாதிரி', 'மிளகாய அரைச்சுப் பூசின மாதிரி', 'கரண்டு தொட்ட மாதிரி', 'உள்ள எறும்பு ஊருது', 'செருப்பு கழண்டதே தெரியல'. கடைசியாகச் சொன்னதைச் சொல்லிய அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இளம் மருத்துவர் ஒருவர் அதை 'உணர்விழப்பு' என்று ஒரே சொல்லில் எழுதிக்கொண்டார், செருப்பு போய்விட்டது. வட்டாரந்தோறும் இப்படி எத்தனையோ இருக்கும். தஞ்சைப் பக்கத்தில் சொல்வது வேறு, நெல்லையில் வேறு, யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்வது வேறு.

அதற்கென நாற்பது பக்கக் கோடிட்ட குறிப்பேடு ஒன்று வாங்கிவந்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், வாசல் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பன்னிரண்டு சொற்களை எழுதியிருக்கிறேன். உணவு இடைவேளையில் உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் கேட்ட சொல்லை, யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பேனாவும் கட்டியிருக்கிறது.